லாம்பு பழையது, பேச்சு நேரானதா?

 

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லாம்பு ஏதும் கிடக்கிறதா? சிமினி உடைந்து, திரியை ஏற்றி இறக்கும் சாவி இறுகி, பித்தளை கறுத்துப்போய், சாக்கில் சுற்றிய மூட்டையாக? ஹட்டன், டிக்கோயா, நோர்வுட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று மலைநாட்டில் எந்த ஊரில் கேட்டாலும், "ஓம், உம்மம்மா காலத்துச் சாமான் ஒன்று இருக்கிறது" என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும். எறிந்துவிட மனம் வராது. வைத்துக்கொள்ள இடமும் இராது.

ஒரு நாள் காலையில், வீட்டு ஆண்கள் கடைக்கும் வேலைக்கும் போன பிறகு, வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பழைய பித்தளை, செம்பு, லாம்பு ஏதும் இருக்கா லாத்தா?" என்று கேட்கிறார். நீங்கள் மூட்டையை அவிழ்க்கிறீர்கள். அவர் லாம்பைப் புரட்டிப் பார்க்கிறார்; அடியில் நகத்தால் சுரண்டுகிறார்; திரிச் சாவியில் பொறித்திருக்கும் எழுத்தைக் கண்ணைச் சுருக்கி வாசிக்கிறார். பிறகு ஒன்றுமே பார்க்காதவர் போலத் தராசை எடுக்கிறார். "எடைக்குத்தான் போகும்."

அதே லாம்பு சில வாரங்களுக்குப் பிறகு பளபளவென்று துலக்கப்பட்டு, உள்ளே வயர் ஓட்டப்பட்டு, ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. விலைச்சீட்டில் "நூற்றிருபது வருடப் பழமை, அசல்" என்று எழுதியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஆசையோடு வாங்கிப் போகிறது.

இந்தக் கதையில் மூன்று இடங்கள் இருக்கின்றன. விற்றுவிட்ட வீடு, வாங்கிய வீடு, இடையில் நிற்கும் வியாபாரியின் வீடு. பெண்களாகிய நாம் இந்த மூன்று வீட்டிலும் இருக்கிறோம். ஆகவே "அது ஆண்களின் வியாபாரம்" என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. பழைய சாமான் வியாபாரத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

லாம்பு மலையேறிய கதை

இந்த லாம்புகள் எப்படி இங்கே வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று அவற்றுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது விளங்கும்.

மலைநாட்டில் முதலில் இருந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டு கோப்பி இலையில் கண்ட துரு நோய் அந்தப் பயிரையே அழித்தது. அதற்கு இரண்டு வருடங்கள் முன்பு, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1884இல் ரயில் ஹட்டனுக்கும், அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. மாட்டு வண்டி மட்டும் ஏறிய மலைக்குக் கண்ணாடிச் சாமான் உடையாமல் வரத் தொடங்கியது அப்போதுதான் என்று சொல்லலாம்.

துரைமாரின் பங்களாக்களுக்கு இங்கிலாந்திலிருந்து லாம்புகள் வந்தன. இரண்டு திரிகள் பக்கத்தில் பக்கமாக எரியும் மேசை லாம்பு, பேர்மிங்ஹாம் நகரத்து ஹிங்ஸ் கம்பனியின் பெயரால் அறியப்பட்டது. சாப்பாட்டு மேசைக்கு மேலே சங்கிலியில் ஏற்றி இறக்கும் தொங்கு லாம்பு இருக்கும். அதன் எடைக்குண்டு பீங்கானால் ஆனது, உள்ளே ஈயக் குண்டுமணிகள் நிரப்பியது. வராந்தாவுக்கு அரிக்கேன் லாந்தர். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு பெர்லினில் எஹ்ரிச் அண்ட் கிரெட்ஸ் என்ற கம்பனி செய்த பெட்ரோமெக்ஸ் வந்தது. காற்றடித்து ஏற்றும் அந்த லாம்பை நம் பெரியவர்கள் கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்து, அதன் "உஸ்ஸ்" என்ற சத்தத்தில்தான் விருந்து போட்டார்கள். அந்தச் சத்தம் நின்றால் வெளிச்சமும் போய்விடும் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்களாம்.

பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் பிளாக்பூலில் அமைத்த சிறு நீர்மின் நிலையத்திலிருந்து 1912இல் நுவரெலியா நகரத்துக்கு மின்சாரம் வந்தது. அவர் கனவு கண்ட லக்சபான 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் பிறகு வந்தன. நாட்டுக்கே வெளிச்சம் தந்த தண்ணீர் ஹட்டனைச் சுற்றித் தேங்கி நிற்க, அதே கரையிலிருந்த லயங்களில் இன்னும் பல காலம் குப்பி லாம்புதான் எரிந்தது. இதைச் சொல்லாமல் மலைநாட்டு வெளிச்சத்தின் கதையைச் சொல்லக்கூடாது.

மின்சாரம் வந்த பங்களாவில் எண்ணெய் லாம்புகள் ஸ்டோருக்குப் போயின. சிலவற்றைத் துரைசாணி, சமையல் பார்த்த அப்புவுக்கோ ஆயாவுக்கோ கொடுத்தாள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனபோதும் பங்களாக்களில் ஆள் மாறினார்கள். ஆள் மாறும்போது சாமானும் இடம் மாறும்.

பிறகு காலம் திரும்பியது. 1996இல் கந்தப்பொளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகிவிட்டது. 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய துரை பங்களாக்கள் சில விருந்தினர் மாளிகைகளாகத் திறக்கப்பட்டன. பழைய வீட்டுக்குப் பழைய லாம்பு வேண்டும் அல்லவா? ஸ்டோரில் கிடந்ததற்கு விலை வந்தது. விலை வந்ததும் பொய்யும் கூடவே வந்தது.

வாங்கும்போதே தொடங்கும் பிழை

நேர்மை என்றதும் நாம் விற்பவனை மட்டுமே நினைக்கிறோம். ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த லாம்பு வியாபாரத்தில், என் அபிப்பிராயத்தில், பெரிய பிழை விற்கும்போது அல்ல, வாங்கும்போதுதான் நடக்கிறது. ஏனென்றால் விற்பவள்தான் இங்கே விபரம் அறியாதவள்.

லயத்துக் காம்பரா வாசலில் ஒரு தாய் நிற்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். கொழுந்துச் சம்பளம் மாதக் கடைசி வரை போதவில்லை. "நானா, இது எங்க தாத்தா பங்களாவுல அப்புவா இருந்தப்ப தொரை குடுத்தது" என்று லாம்பை நீட்டுகிறாள். அதன் சாவியில் என்ன எழுதியிருக்கிறது, அந்த ஊதா நிறக் கண்ணாடிக் குடுவைக்குக் கொழும்பில் என்ன மதிப்பு என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் தராசை எடுக்கிறான். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எடைக்கு என்ன விலையோ அதைச் சரியாகவே கொடுக்கிறான். ஆனாலும் அவனுக்கே தெரியும், அவன் வாங்கியது பித்தளையை அல்ல.

மதீனாவுக்குச் சரக்குக் கொண்டுவரும் கூட்டத்தைச் சந்தைக்கு வரும் முன்பே வழியில் போய் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாதவனிடம் வாங்குவது அது. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு என்று ஹதீஸில் வருகிறது. தோட்டத்து லயத்துக்கு நேரே ஏறிப் போய் வாங்குகிறவர்கள் இந்த ஹதீஸை ஒரு முறை நிதானமாக ஓதிப் பார்ப்பது நல்லது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். அவர்களைப் பற்றி வரலாற்றில் சொல்லப்படும் ஒரு சம்பவத்தை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டு வருகிறாள். நூறு கேட்கிறாள். இமாம் அவர்கள், இது அதைவிடப் பெறுமதியானது என்கிறார்கள். அவள் இன்னொரு நூறு கூட்டுகிறாள். இன்னும் பெறும் என்கிறார்கள். இப்படியே நானூறு வரை போகிறது. அப்போதும் இமாம் அவர்கள் அதே பதிலைச் சொல்ல, தன்னைக் கேலி செய்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. விலை தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லுகிறார்கள். அவர் வந்து மதிப்புச் சொன்ன பிறகு ஐந்நூறுக்கு வாங்குகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இமாம் அவர்கள் தம் வாயாலேயே ஐந்நூறு என்று சொல்லிவிடவில்லை. வாங்குபவரே விலை சொல்வது சரியல்ல என்று மூன்றாம் ஆளை அழைத்தார்கள். நம் ஊரில் பழைய சாமான் வாங்குகிறவர் இதில் பாதியையாவது செய்யலாமே! "அம்மா, இது எடைக்குப் போடும் சாமான் இல்லை, இரண்டு கடையில் காட்டிவிட்டு வாருங்கள், அவர்கள் சொல்லும் விலைக்கு நானும் தருகிறேன்" என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். லாபம் கொஞ்சம் குறையும். குறையட்டும். துலக்கி, வயர் ஓட்டி, சிமினி தேடிப் போட்டு அவர் செய்யும் வேலைக்குக் கூலியும் லாபமும் எடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. அறியாமைக்கு விலை எடுப்பதைத்தான் சொல்லுகிறேன்.

இன்னொரு கேள்வியும் வாங்கும்போதே கேட்க வேண்டியது: இந்த லாம்பு யாருடையது? அன்பளிப்பாகக் கிடைத்ததும் உண்டு, பங்களா ஸ்டோரிலிருந்து இரவில் இறங்கியதும் உண்டு. தோட்டத்துச் சொத்து என்றால் அதை விற்க நிர்வாகத்துக்குத்தான் உரிமை. ஏலத்தில் எடுத்ததென்றால் துண்டு இருக்கும். கொடுப்பவருக்கே சொந்தமில்லாததை வாங்கினால், அதன்மேல் எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அது ஹலாலாகிவிடாது.

பழையதா, பழைய மாதிரியா?

இனிக் கடைக்குள் வருவோம். நீங்கள் வாங்குகிறவர்.

புதிதாகச் செய்த லாம்பில் எந்தக் குற்றமும் இல்லை. இந்தியாவில் மொராதாபாத் நகரம் முழுவதும் பித்தளை வேலைதான். பழைய மாதிரியில் லாம்புகள் அங்கே அழகாகச் செய்கிறார்கள். கண்ணாடிக்குப் பிரோசாபாத். நம் நாட்டில் கண்டி வீதியில் பிலிமத்தலாவைப் பக்கம் பித்தளை வார்ப்பது பரம்பரைத் தொழில். தமிழ்நாட்டில் காரைக்குடிக்குப் போனவர்கள், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய விளக்குகள் விற்கும் தெருவைப் பார்த்திருப்பீர்கள். மாதிரிச் சாமானை மாதிரி என்று சொல்லி விற்பவர் நேர்மையான வியாபாரி. புளியும் அமிலமும் பூசி, மண்ணில் புதைத்து எடுத்து, "துரை காலத்து அசல்" என்று விற்பதுதான் மோசடி. ஆட்டின் பாலைக் கறக்காமல் விட்டு, மடியைப் பெரிதாகக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை தந்ததும் இந்த வகைதான். பொருள் மெய், தோற்றம் பொய்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முழுக்க நிச்சயமாகச் சொல்ல அனுபவம் வேண்டும். ஆனால் நம் கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின்மேல் முலாம். (உள்ளே செல்லும் குழாய் இரும்பாக இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

திருகாணியைப் பாருங்கள். தலையில் ஒரே கோடாக வெட்டு இருந்தால் பழைய முறை. சிலுவை போல இரண்டு கோடு இருக்கும் திருகாணி 1930களில்தான் உலகத்தில் பரவத் தொடங்கியது. "1890ஆம் ஆண்டு லாம்பு" ஒன்றில் அந்த ஆணி இருந்தால், ஒன்று பிறகு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது லாம்பே புதியது. எதுவென்று கேளுங்கள். எழுத்தையும் வாசியுங்கள். பிரித்தானியாவில் 1887இல் வந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் "ஜேர்மனியில் செய்தது" என்பது போன்ற குறிகள் பிறநாட்டுச் சாமான்களில் பரவின. அப்படிக் குறி உள்ள லாம்பை அதற்கு முந்திய காலத்தது என்று ஒருவர் சொன்னால் யோசிக்க வேண்டும். பெட்ரோமெக்ஸ் என்ற பெயரையோ பல நாட்டுக்காரர்கள் போட்டுச் செய்தார்கள். பெயரை மட்டும் பார்த்துப் பெர்லின் என்று நம்பிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி தேய்மானம். பழைய லாம்பில் கை படும் இடம்தான் தேய்ந்திருக்கும்: சாவி, பிடி, எண்ணெய் ஊற்றும் மூடியின் விளிம்பு. கை எட்டாத மடிப்பில் கறுப்பு இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கறுப்பும் ஒரே அளவு பச்சைக் களிம்பும் இருந்தால் அது காலம் செய்த வேலை அல்ல. வீட்டில் குத்துப்போணியும் சருவமும் துலக்கிய நமக்கு இதைக் காட்டித் தரத் தேவையில்லை. பித்தளை எங்கே கறுக்கும், எங்கே மின்னும் என்பதில் ஆண்களைவிட நம் கண் தேர்ந்தது.

ஒரு லாம்பின் அடியும் இன்னொன்றின் தலையும் சேர்த்து நிற்க வைப்பதும் உண்டு. அதிலும் தப்பில்லை, சொல்லிவிட்டால். சிமினி அநேகமாக எல்லாப் பழைய லாம்பிலும் மாற்றியதாகத்தான் இருக்கும், கண்ணாடி அல்லவா! "சிமினி புதிது, பேர்னர் அசல், அடித்தட்டு வேறு லாம்பினுடையது" என்று ஒரு வியாபாரி தானாகவே சொல்லுகிறார் என்றால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள்.

அழகுக்குள் இருக்கும் ஆபத்து

பழமையில் ஏமாந்தால் காசு போகும். வயரில் ஏமாந்தால் உயிர் போகும். ஆகவே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுகிறேன்.

பழைய மின்லாம்புகளில் ரப்பர் போர்த்தி, மேலே பருத்தி நூல் பின்னிய வயர் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் ரப்பர் காலப்போக்கில் காய்ந்து, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். உள்ளே செம்புக் கம்பி வெறுமையாக நிற்கும். லாம்பின் உடம்போ பித்தளை. அந்தக் கம்பி உடம்பில் பட்டால் 230 வோல்ட் முழுவதும் வெளியே வந்து நிற்கும். நம் மலைநாட்டுப் பனியில் சீமெந்துத் தரை எப்போதும் ஈரம்; வெறுங்காலோடு ஒரு பிள்ளை போய்த் தொட்டால்? அல்லாஹ் காப்பானாக.

எண்ணெய் லாம்பை மின்லாம்பாக மாற்றும்போதும் இதே கவலைதான். எண்ணெய்க் குடுவையில் துளை போட்டு வயரை நுழைப்பார்கள். துளையின் விளிம்பு கத்தி போல இருக்கும். ரப்பர் வளையம் போடாவிட்டால் லாம்பை நகர்த்த நகர்த்த வயர் அறுபடும். (துளை போட்ட லாம்பு மறுபடி எண்ணெய் லாம்பாகாது, சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பும் குறையும். துளை போடாமல், பேர்னர் இருக்கும் இடத்தில் ஹோல்டரை வைத்துப் பக்கத்தால் வயர் எடுக்கும் முறையும் இருக்கிறது.)

"புதுப்பித்தது" என்று ஒருவர் சொன்னால் பொலிஷை நம்பாமல் இதைக் கேளுங்கள்: வயர் முழுவதும் புதிதா, தெரியும் பகுதி மட்டுமா? லாம்பின் உலோக உடம்புக்கு எர்த் வயர் கொடுத்திருக்கிறதா? ஹோல்டர் மாற்றியதா? தொங்கு லாம்பென்றால் சங்கிலியும் கொக்கியும் எடையைத் தாங்குமா? பங்களாவில் அது தடித்த மர உத்தரத்தில் தொங்கியது. உங்கள் வீட்டில் சீலிங் பலகையில் தொங்கப் போகிறது. வயரிங் வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்துவிட்டு மாட்டுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமர்த்திப் பார்ப்பதும் அன்றைக்கே நடக்கட்டும். குண்டு பல்புக்குப் பதில் எல்.ஈ.டி. போட்டால் சூடு குறையும். துணி நிழற்குடையும் கருகாது.

எண்ணெய் லாம்பாகவே வைத்து எரிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் விஜய கொடக்கும்புர என்ற அறுவை வைத்தியர், குப்பி லாம்பு சரிந்து எரிகாயப்பட்டு வந்த ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து மனம் நொந்து, சரியாத ஒரு லாம்பையே செய்தார். கட்டையான, பாரமான கண்ணாடிக் குப்பி; விழுந்தாலும் உருளாதபடி தட்டையான பக்கங்கள்; எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. "சுதீப" என்று பெயர். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் அந்தச் சிறு குப்பியில் பார்த்ததையே நீங்கள் பழைய லாம்பிலும் பாருங்கள்: தட்டினால் சரிகிறதா, மூடி இறுகுகிறதா, பற்றாசு வைத்த இடத்தில் எண்ணெய் கசிகிறதா? ஒரு கடுதாசியின்மேல் இரவு முழுவதும் வைத்தால் காலையில் கறை சொல்லிவிடும். கசியும் லாம்பை "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதித்தான் விற்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, திரியைக் கழற்றிவிட்டுக் கொடுப்பது நல்லது.

பெட்ரோமெக்ஸுடன் பழைய மென்டில் கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து மென்டில்களில் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் சேர்ந்திருந்தது. எரிந்த சாம்பலை ஊதக்கூடாது, மூச்சில் இழுக்கக்கூடாது.

பில்லில் எழுதிக் கொடுங்கள்

வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பங்களா லாம்புகளைப் போலவே பழையது, இன்னும் எரிகிறது! ஒரு பொருளை இன்னதென்று வர்ணித்து விற்றால், பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் வந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் பில் வேண்டும். "பழைய லாம்பு 1" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. எந்தக் காலத்தது என்று அவர் நம்புகிறார், எதை மாற்றினார், வயர் எப்போது போட்டது, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருகிறார் என்பதை எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர் எழுதத் தயங்கமாட்டார். தெரியாததைத் "தெரியாது" என்றே எழுதுவார்; அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவரிடம் வாங்குவேன்.

வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கோ சாச்சிக்கோ அனுப்ப வாங்குகிறவர்கள் கவனிக்க: 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டம் அத்தகைய பொருட்களை ஏற்றுமதி செய்வதற்கும் வியாபாரம் செய்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்கிறது. பங்களா லாம்பு 1815க்குப் பிந்தியதுதான். ஆனால் கண்டி இராச்சியத்துத் தூக்கு விளக்கு ஒன்று கையில் வந்தால் பெட்டியில் போடும் முன்பு தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். நூறு வருடம் தாண்டியதென்றாலும் கேட்பது நல்லது.

கடைசியாக, வியாபாரியின் வீட்டிலிருக்கும் சகோதரிக்கு. இரவில் கடை பூட்டி வந்தவர் சல்லியை எண்ணும்போது, "இன்றைக்கு அந்த லாம்பை என்னவென்று சொல்லி விற்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதட்டலாக அல்ல, பிளேன்டீயை வைத்துக்கொண்டே. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி ஒருமுறை குறையுள்ள துணியை, குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. லாம்பு வாங்கியவரின் தொலைபேசி இலக்கமாவது நம்மிடம் இருக்கும். மறந்ததைச் சொல்லிவிடலாம்.

வீட்டிலிருந்தே லாம்பு துலக்கிக் கொடுக்கும், திரி மாற்றிக் கொடுக்கும் சகோதரிகளும் இருப்பீர்கள். நீங்கள் கழற்றிய எதையும் எறிய வேண்டாம். பழைய ஹோல்டர், தேய்ந்த சாவி, ஒடிந்த சங்கிலி வளையம், உதிர்ந்த வயர் எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டி, லாம்போடு சேர்த்து வாங்குபவரின் கையில் கொடுங்கள். எது போனது, எது வந்தது என்று அவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். வயரின்மேல் மட்டும் ஒரு துண்டு கட்டி, "இதைப் பாவிக்க வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள்.